தன்னிடத்தும் தயை வேண்டும்

உயிர்களிடத்தில் தயை காட்டுவதே வைஷ்ணவனுக்கு லக்ஷணம் என்று பெரியோர் அறுதியிட்டுள்ளனர். பிறர் துன்பம் கண்டு உருகாத நெஞ்சில் பகவத் பக்தி நிலைப்பதில்லை. ஆயினும் ஒரு விந்தை உலகில் காணப்படுகிறது. பசுவுக்கும் பறவைக்கும் எறும்புக்கும் இரங்குகிற உத்தமர்கள், நோயுற்ற தம் உடம்பினிடத்தில் மட்டும் இரக்கமற்றவர்களாக நடந்துகொள்கிறார்கள். அயலானுக்கு ஒருபோதும் சொல்லத் துணியாத கடுஞ்சொல்லைத் தமக்குத் தாமே நாள்தோறும் சொல்லிக்கொள்கிறார்கள். இது தர்மமாகுமா என்பது சிந்திக்கத் தக்கது.

உத்ஸவ காலத்தில் இக்கேள்வி கண்கூடாகவே எழுகிறது. கருட ஸேவைக்காகக் காத்து நிற்கும் திரளில் வலியோடு நிற்பவர்கள் பலர். முழங்கால் மடங்காத மூதாட்டியும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலம் வருபவரும், நீரிழிவினால் பாதம் எரிந்து கல்தரையில் கால் ஊன்ற மாட்டாதவரும் அத்திரளில் உண்டு. விழுந்து ஸேவிக்க முடியவில்லையே என்று அவர்களுள் சிலர் கண்கலங்குகிறார்கள். திண்ணையில் சற்று உட்கார்ந்தால், உடம்புக்குச் சுகம் தேடுவது பக்திக்குக் குறைவோ என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். உடம்பில் உள்ள வலி ஒன்று. அவ்வலிக்காகத் தம்மைத் தாமே நிந்தித்துக்கொள்வது மற்றொரு வலி. முன்னது கேளாமல் வந்தது. பின்னதோ மனிதன் தனக்குத் தானே இழைத்துக்கொள்வது.

நெய்வேலி உழைப்பினால் எழுந்த ஊர். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1961-இல் மண்ணுக்கடியில் கிடந்த கரி வெளிப்பட்டது. 1962-இல் அதைக்கொண்டு மின்சாரம் பிறந்தது. பெரிய இயந்திரங்களின் அதிர்வில் நெடுநேரம் அமர்ந்திருப்போர்க்கும், பாரம் சுமப்போர்க்கும், பகலும் இரவும் மாறி மாறி ஷிப்டு பார்ப்போர்க்கும் முதுகும் கழுத்தும் நோவது சுரங்கத் தொழில் நடக்கும் நாடுகளிலெல்லாம் கண்ட செய்தி. வட்டம் வட்டமாக அமைந்த இக்குடியிருப்புகளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர். அவர்களது வலிக்கு மட்டும் ஓய்வு வயது என்பது இல்லை. அவர்களுக்குச் சோறு சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளை ஆளாக்கிய இல்லத்தரசியரின் முழங்கால் நோவோ வெளியில் சொல்லப்படுவதே அரிது.

இவர்களுக்கு இவ்வூர் மண்ணே ஒரு பாடம் வைத்திருக்கிறது. நிலக்கரிப் படலத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் தங்கியிருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் நீர் மேலெழுந்து பீறிட்டுச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகையால் சுரங்கத்தைச் சார்ந்து குழாய்க் கிணறுகள் அமைத்து, அல்லும் பகலும் பம்புகளால் நீரை இறைத்து வருகிறார்கள். ஒருநாள் இறைத்துவிட்டு, இனி வேண்டுவதில்லை என்று நிறுத்துவாரில்லை. இத்தனை ஆண்டு இறைத்தும் ஊற்று வற்றவில்லையே என்று மனமுடைந்து கைவிடுவாரும் இல்லை. ஊற்று அங்கே இருக்கும். அதன் அழுத்தத்தை நாள்தோறும் தணித்துக்கொண்டே மேலே வேலை நடக்க வேண்டும். நாட்பட்ட வலியோடு வாழ்வதும் இத்தகையதே. வலியை அடியோடு ஒழித்த பின்புதான் வாழ்வேன் என்பவன் வாழத் தொடங்குவதேயில்லை. வலி இல்லாததுபோல் நடிப்பவனோ ஒருநாள் வெள்ளத்தில் அகப்படுகிறான்.

மருத்துவ நூலோர் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கின்றனர். 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் அளிக்கப்பட்டுள்ளது. புண் ஆறிய பிறகும் வலி நிற்காமலிருப்பதுண்டு. நெருப்பு அணைந்த பின்னும் ஆபத்துச் சங்கு ஓயாது ஊதுவதுபோல, நரம்பு மண்டலம் பழகிப்போய் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் பெரிய கோளாறு தெரியாமலும் இருக்கலாம். அதனால் வலி பொய்யென்று ஆகிவிடாது. வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-இல் தன் இலக்கணத்தைத் திருத்தியமைத்தபோது, வலி என்பது அவரவர் சொந்த அனுபவம் என்றும், ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறிற்று. வீட்டிலுள்ளோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். வலியுடையவரும் தம் விஷயத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னும் ஆஸ்திகர் நெஞ்சில் மூன்று தடைகள் எழுகின்றன.

முதல் தடை, "இது பூர்வ கர்மத்தின் பலன், அநுபவித்தே தீர வேண்டும், மருந்தும் ஓய்வும் எதற்கு?" என்பது. ப்ராரப்த கர்மம் என்று ஒன்று உண்டென்பது ஸித்தாந்தம். ஆனால் துன்பத்துக்குக் காரணம் சொல்வது வேறு, அத்துன்பத்தைத் தணிக்கலாகாது என்று விலக்குவது வேறு. சாஸ்த்ரம் முன்னதைச் சொல்லிற்றே யன்றிப் பின்னதைச் சொல்லவில்லை. வாசலில் ஒரு நோயாளி வந்து நின்றால், உன் கர்மம் என்று சொல்லிக் கதவடைப்பவனை உலகம் என்னவென்று சொல்லும்? பிறனுக்குச் சொன்னால் கொடுமையாகும் சொல், தனக்குச் சொன்னால் மட்டும் வைராக்யம் ஆகிவிடாது.

பெருமாள் கோயில்கள் இவ்விஷயத்தில் என்ன செய்தன என்பதைக் கல்வெட்டே காட்டுகிறது. காஞ்சிக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அக்கோயிற் கல்வெட்டு, வேத பாடசாலை மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்கும் என அமைந்த வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகிறது. 15 நோயாளிகள் படுக்க இடம், ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்டிர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. கர்மத்தின் பலனென்று அப்பெரியோர் சும்மா இருந்துவிடவில்லை. நோய் ப்ராரப்தத்தால் வந்திருக்கலாம். கைக்கெட்டும் மருந்தும் மருத்துவரும் எம்பெருமான் திருவருளால் வந்தவை என்று கொள்வதற்கு என்ன தடை?

இரண்டாவது தடை, இதைவிட நுட்பமானது. "சரணாகதி செய்தவன் மோக்ஷத்தைத் தவிர வேறொன்றும் கேட்கலாகாது, உடம்பின் நோவு தீரக் கேட்பது இழிவு" என்பது அது. இதற்குக் கூரத்தாழ்வானைச் சான்று காட்டுவர். திருக்கண்களை இழந்த ஆழ்வான், காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பே வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்து, தமக்குக் கண் வேண்டாமல், தம் துன்பத்துக்குக் காரணமான நாலூரானுக்கு நற்கதி வேண்டினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. இது மெய்யே. ஆனால் அவ்வரலாற்றின் முற்பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்களைத் தந்தருளும்படி பேரருளாளனிடம் வேண்டுமாறு ஆழ்வானுக்குக் கட்டளையிட்டவர் யார்? எம்பெருமானாரே அன்றோ? உடம்பின் குறை தீர வேண்டுவது ப்ரபந்நனுக்கு இழுக்கானால், ஜகதாசார்யரான உடையவர் அதைத் தம் அந்தரங்க சிஷ்யருக்கு விதித்திருப்பாரா?

மேலும் ஆழ்வானின் செயலில் வேறொரு பாடமும் உண்டு. தம் கண்கள் போகக் காரணமானவனையே அவர் மன்னித்தார். வலியுற்ற மனிதனோ தன் முழங்காலை மன்னிக்க மாட்டாமல் இருக்கிறான். ஐம்பது ஆண்டு தன்னைச் சுமந்து தேய்ந்த முதுகைப் பகைவனைப் போல் வைகிறான். ஆழ்வானைப் பின்பற்ற விரும்புகிறவன் அந்தப் பொறுமையைத் தன் உடம்பிலிருந்தே தொடங்கலாம்.

மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. வாத நோயினால் வருந்திய அவர் குருவாயூரப்பன் ஸந்நிதியை அடைந்து ஸ்ரீமந் நாராயணீயத்தை இயற்றினார். நூறு தசகங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ச்லோகங்களும் கொண்ட அந்நூல் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறைவுற்றது. பாகவதத்தின் பெரும் பொருளைப் பாடிக்கொண்டே வந்து, தசகத்தை முடிக்கும் இடங்களில் தம் நோயைத் தீர்த்தருள வேண்டும் என்று அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பம் செய்கிறார். பெருங்கவிஞரும் பெரும் பண்டிதருமான அவர் அதற்கு நாணவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு தசகமாக நூறு நாளில் பாடி முடித்தார் என்று கூறுவர். தாளக்கூடிய அளவுக்கு மேல் ஒருநாளும் ஏற்றிக்கொள்ளாமல், தாளக்கூடியதை ஒருநாளும் விடாமல் செய்த அந்த முறையிலேயே நோயாளிக்கு ஒரு நெறி அடங்கியிருக்கிறது.

மூன்றாவது தடை, "தன்னைப் பேணுவது சுயநலம், பிறருக்குத் தொண்டு செய்வதே தர்மம்" என்பது. குடும்பத் தலைவியர் பலர் இதனாலேயே தம் மருந்தைக் கடைசிக்குத் தள்ளுகின்றனர். இதற்கு ஸ்ரீவைஷ்ணவ தத்துவமே விடை கூறுகிறது. ஜீவன் எம்பெருமானுக்குச் சேஷபூதன், அவனது உடைமை. உடம்பும் அவ்வாறே. ஸ்வாமியின் நந்தவனத்தைக் காக்க அமர்த்தப்பட்டவன், "எனக்கென்று நான் ஒன்றும் விரும்பாதவன்" என்று சொல்லிச் செடிக்கு நீர் ஊற்றாமல் விட்டால் அதைத் துறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். செடி அவனுடையதாயிருந்தாலல்லவா துறப்பதற்கு? "என் உடம்பை நான் எப்படியும் வாட்டுவேன்" என்பதில் ஒளிந்திருப்பது அஹங்கார மமகாரமே. உடலையும் உள்ளுறையும் தன்னையும் வீணே வருத்தும் தவத்தைக் கண்ணன் கீதையின் 17-ஆம் அத்யாயத்தில் கண்டித்திருப்பதும், 6-ஆம் அத்யாயத்தில் ஊணிலும் உறக்கத்திலும் அளவு வேண்டும் என்றதும் இக்கருத்துப் பற்றியே. "எல்லார்க்கும் தயை உண்டு, எனக்கு மட்டும் இல்லை" என்பவன் பணிவுடையவன்போலத் தோன்றுகிறான். உண்மையில் அவன், எல்லையற்ற தயைக்கு ஓர் எல்லை கட்டி அதற்கு வெளியே தனக்கென ஓர் இடம் ஒதுக்கிக்கொள்கிறான்.

பிறர் செய்யும் உதவியை ஏற்பதும் ஒரு தர்மமே. நெய்வேலிக்கு அணித்தான காட்டுமன்னார்கோயிலில், அதாவது வீரநாராயணபுரத்தில், திருவவதாரம் செய்த ஆளவந்தார் ராஜபிளவை நோயால் மிக வருந்தினார். அந்நோயைத் தமக்குப் ப்ரஸாதமாகத் தர வேண்டும் என்று சிஷ்யரான மாறனேரி நம்பி வேண்டிப் பெற்றார் என்பது ஸம்ப்ரதாய வரலாறு. குலத்தால் தாழ்ந்தவரென்று உலகம் எண்ணிய அம்மஹானுக்குப் பெரிய நம்பி சரம கைங்கர்யம் செய்தார். நம்பியின் தியாகத்தையே எல்லோரும் புகழ்கிறார்கள், புகழத் தக்கதே. ஆசார்யர் செய்ததும் சிறிதன்று. "என் வலி என்னோடு போகட்டும்" என்று அவர் சிஷ்யரின் அன்பைத் தள்ளிவிடவில்லை. பிள்ளை தைலம் தேய்க்க வந்தால் வேண்டாம் என்று கையைத் தட்டிவிடும் தகப்பனார்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுப்பவர்க்கு ஏற்பவர் வேண்டும்.

ஆனால் ஓர் ஐயம் எழலாம். இவ்வாறு தன்னிடம் தயை காட்டத் தொடங்கினால் சோம்பலுக்கும் சுகபோகத்துக்கும் அது வழியாகாதா? ஓயாது தன் நோவையே பேசித் தானும் வாடிப் பிறரையும் வாட்டும் நிலை வாராதா? வரலாம். ஆகவேதான் தயைக்கும் தன்னிரக்கத்துக்கும் வேற்றுமை காண வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் க்ரிஸ்டின் நெஃப் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தன்பாற் பரிவுக்கு மூன்று கூறுகள் வகுத்தார். தன்னிடம் கடுமையின்றி இருத்தல். துன்பம் மானிடர் அனைவர்க்கும் பொதுவென்று உணர்தல். துன்பத்தைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி நோக்குதல். தன்னிரக்கம் கொண்டவன் "எனக்கு மட்டுமா இப்படி" என்கிறான். பரிவுடையவன் "என்னைப்போல் எத்தனையோ பேர்" என்கிறான். ஐயம் வரும்போது ஓர் உரைகல் உண்டு. இதே நோவுடைய மற்றோர் அடியார் வந்து கேட்டால் என்ன சொல்லத் தோன்றுமோ, அதையே தனக்கும் சொல்லிக்கொள்வது. அவரை நாளெல்லாம் படுத்துக்கிட என்று சொல்லத் தோன்றாது. விழுந்து சாகும்வரை உழை என்றும் தோன்றாது. "சற்று உட்காரும், பிறகு மெல்ல நடக்கலாம்" என்றே தோன்றும்.

நடைமுறையில் இதற்கு வழிகாட்டியாகத் திருவீதிப் புறப்பாட்டையே கொள்ளலாம். எம்பெருமானை எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்குவார் ஒரே தோளில் சுமந்து வீதி முழுதும் ஓடுவதில்லை. தோள் மாற்றுகிறார்கள், ஆள் மாற்றுகிறார்கள், மண்டபந்தோறும் நிற்கிறார்கள். தோள் புண்ணான பிறகு இறக்கிவைப்பது அவர்கள் வழக்கமன்று; புண்ணாகும் முன்பே மாற்றுவது வழக்கம். வலியுடையவர் தம் வேலையை இவ்வாறே பங்கிட வேண்டும் என்று இக்காலத்து மருத்துவரும் கூறுகின்றனர். நல்ல நாளென்று அளவுக்கு மீறி உழைத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையில் கிடப்பதைவிட, வலி தலைதூக்கும் முன்பே நிறுத்தி இளைப்பாறி, நாள்தோறும் சிறிது செய்வது மேல். அசையாமல் கிடப்பதும் பெரும்பாலும் நன்மை தராது. தக்க அளவு நடையும் உடற்பயிற்சியும், இரவில் போதிய உறக்கமும் வேண்டும்.

நோவை வாய்விட்டுச் சொல்வதும் வேண்டும். சரகர் நோயாளிக்குரிய நற்குணங்கள் நான்கு என்றார். நினைவு, வைத்தியர் சொற்படி நடத்தல், அஞ்சாமை ஆகிய மூன்றோடு, தன் நோயை எடுத்துரைக்கும் திறமையை நான்காவதாக வைத்தார். திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் நோயாளியையும் அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே எண்ணினார். ஆகவே எவ்விடத்தில், எப்போது, எதனால் மிகுகிறது என்று மருத்துவரிடம் மறையாது சொல்வது முறையீடாகாது. அது நோயாளியின் கடமை. தானே கடையில் மாத்திரை வாங்கி நெடுநாள் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அவ்வாறே மருத்துவர் தந்ததைத் தானே திடீரென நிறுத்துவதும் தவறு.

விரதத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டுவதில்லை. விரதத்தைப் பங்கம் செய்யாதவை என்று சாஸ்த்ரம் எண்ணிய எட்டுப் பொருள்களுள் நீரும் பாலும் பழமும் மருந்தும் அடங்கும். பூரியில் ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று 108 குட நீரால் திருமஞ்சனம் கண்டருளும் ஜகந்நாதன், அதன்பின் நோயுற்றவனாகப் பாவிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் திரைக்குள் ஓய்ந்திருக்கிறான். அந்நாட்களில் அவனுக்குப் பழமும் மூலிகை மருந்துமே ஸமர்ப்பிக்கப்படுகின்றன. ஸேவை யாருக்கும் கிடைப்பதில்லை. பிறகே ரதத்தில் எழுந்தருளுகிறான். ஸர்வேச்வரனே ஓய்வு கொள்வதுபோல் காட்டித் தந்த வழியில் அடியவன் ஓய்ந்திருப்பதில் நாணம் எதற்கு?

இவ்வளவு செய்தும், உருகி வேண்டியும், வலி தீராதவர் உண்டு. அவர்களிடம் உமக்கு நம்பிக்கை போதாது என்று சொல்வது பெரும் பாவம். திருவருளை வலியின் அளவைக் கொண்டு அளக்கலாகாது. வலி நின்ற நாளில் மட்டும் அவன் அருகிருக்கிறான் என்பதில்லை. வலியோடு விழித்துக் கிடக்கும் இரவிலும் அந்தர்யாமியாய் உள்ளேயே இருக்கிறான்.

ஆகவே உத்ஸவத்துக்கு எழுந்தருளியுள்ள பக்தகோடிகள் இதனை மனத்தில் கொள்வார்களாக. நிற்க முடியாதவர் அமர்ந்து ஸேவிக்கலாம். விழுந்து வணங்க இயலாதவர் கைகூப்பலாம். ஆளவந்தாரின் ஸ்தோத்ர ரத்னத்தில் கைகூப்புதலைப் போற்றும் ச்லோகம் ஒன்றை விளக்கவே, திருவஹீந்த்ரபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த ஸ்வாமி தேசிகன் அஞ்ஜலி வைபவம் என்று ஒரு தனி நூல் அருளினார். அவ்வளவு பெருமை அதற்கு உண்டு. கையும் எழாதவர்க்கு நெஞ்சு இருக்கிறது. அருகில் நிற்பவர் ஒரு முதியவர்க்கு இடம் விட்டுத் தந்தால் அதுவும் பகவத் கைங்கர்யமே. மற்ற உயிர்களுக்குச் செய்யும் தயையில் ஒரு பங்கைத் தம் உடம்புக்கும் வைத்து, அதை அவன் உடைமை என்று பேணி, இயன்ற நாளில் நடந்தும் இயலாத நாளில் இருந்தும் அவன் திருநாமத்தைச் சொல்லி வாழ, ஔஷதகிரியின் அடிவாரத்தில் உறையும் தெய்வநாயகன் அநுக்ரஹிப்பானாக.